குடலிறக்க வலையில் தொற்று: அறுவைப் பிரிவுக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

குடலிறக்க அறுவை முடிந்து வீடு சென்ற ஒருவர், தையலோரம் சிவந்து நீர் கசிகிறது என்று இரண்டாம் வாரத்தில் திரும்பி வந்தால், புதிதாகப் பணியில் சேர்ந்த மருத்துவரின் கை முதலில் மருந்துச் சீட்டை நோக்கித்தான் போகும். ஐந்து நாளுக்கு ஒரு ஆன்டிபயாடிக், தினமும் கட்டு மாற்றுதல், ஒரு வாரம் கழித்து மீண்டும் வரச் சொல்லுதல் என்று அந்தச் சந்திப்பு முடிந்துவிடும். தோலளவில் நின்ற தொற்றுக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். வயிற்றுச் சுவரின் பலவீனமான இடத்தைத் தாங்க உள்ளே வைத்த செயற்கை வலை வரை தொற்று இறங்கியிருந்தால், அதே மருந்து காய்ச்சலைத் தணித்து, சிவப்பை மங்கவைத்து, நோயை மட்டும் உள்ளேயே விட்டுவிடும். இரண்டு மாதம் கழித்து அவர் ஆறாத துளையோடு வந்து நிற்பார். ஆகவே ‘எந்த மருந்து’ என்ற கேள்விக்கு முன்னால் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: தொற்று வலையைத் தொட்டுவிட்டதா, அந்த வலை எந்த வகை, அது உடலுக்குள் எந்த அடுக்கில் இருக்கிறது. இந்தக் கட்டுரை அறுவைப் பிரிவில் பயிற்சி தொடங்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இங்கே சொல்லப்படும் முடிவுகள் எதையும் மூத்த அறுவை மருத்துவரைக் கலக்காமல் தனியே எடுக்கக் கூடாது.

வலை இருப்பதால் மாறுவது என்ன

உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று இருந்தால் தொற்றுக்குத் தேவையான கிருமிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். 1957இல் எலெக், கோனென் என்ற இரு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தபோது, சீழ் பிடிக்க லட்சக்கணக்கில் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. ஒரு நூலுக்கே இப்படி என்றால், உள்ளங்கை அளவு வலைக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கான காரணம் பயோஃபிலிம் எனப்படும் உயிர்ப்படலம். கிருமிகள் வலையின் இழைகளில் ஒட்டிக்கொண்டு, தம்மைச் சுற்றிப் பிசுபிசுப்பான ஒரு படலத்தைச் சுரந்து, அதற்குள் மெதுவாக வாழத் தொடங்குகின்றன. படலத்துக்குள் இருக்கும் கிருமியைக் கொல்ல, இரத்தத்தில் மிதக்கும் கிருமிக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு மருந்துச் செறிவு வேண்டும். ஆய்வகத் தாளில் ‘இந்த மருந்துக்குக் கட்டுப்படும்’ என்று எழுதியிருந்தும் நோயாளிக்குக் குணமாகாமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

வலையின் துளை அளவும் இதோடு சேர்ந்து வேலை செய்கிறது. கிருமியின் குறுக்களவு ஏறத்தாழ 1 மைக்ரான். அதைத் தேடிப் போக வேண்டிய வெள்ளணுக்களும் மேக்ரோஃபேஜ் அணுக்களும் 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை. துளை 10 மைக்ரானுக்குக் குறைவாக இருந்தால் கிருமி உள்ளே நுழைந்துவிடும், காவலன் வெளியே நிற்பான். 1997இல் அறுவை மருத்துவர் அமிட் வகுத்த வகைப்பாடு இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது: 75 மைக்ரானுக்கு மேற்பட்ட துளைகள் உள்ள பாலிப்ரொப்பிலீன் வலைகள் முதல் வகை, மிக நுண்ணிய துளைகள் கொண்ட இ-பிடிஎஃப்இ (டெஃப்லான் இனத்துப் பொருள்) இரண்டாம் வகை, பெருந்துளை இருந்தும் பல இழைகளை முறுக்கி நெய்ததால் இழைகளுக்கிடையே நுண்ணிடுக்குகள் உள்ள பாலியெஸ்டர் போன்றவை மூன்றாம் வகை. முதல் வகையில் தொற்று வந்தால் வலையைக் காப்பாற்ற முயலலாம். இரண்டாம் வகையில் அந்த முயற்சி பெரும்பாலும் காலவிரயமாகவே முடியும்.

முதல் படி: பழைய அறுவைக் குறிப்பைக் கையில் எடுங்கள்

நோயாளியைப் படுக்கவைத்துக் கட்டைப் பிரிப்பதற்கு முன்போ, பிரித்த கையோடோ, முந்தைய அறுவைக் குறிப்பைத் தேடி எடுக்க வேண்டும். வலையின் உறையில் இருந்த சிறு ஒட்டுச்சீட்டு பெரும்பாலும் கோப்பில் ஒட்டப்பட்டிருக்கும். பொருள், அளவு, தொகுதி எண் எல்லாம் அதில் இருக்கும். வேறு மருத்துவமனையில் அறுவை செய்துகொண்டவர் என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வலை வைக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியைத் தவிர வேறொன்றும் இல்லாமல் இருப்பது வழக்கம். அப்போது அங்கே தொலைபேசியில் கேட்டாவது முழுக் குறிப்பை வாங்குங்கள். அந்த அரை மணி நேர அலைச்சல் பிறகு பல வாரக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

குறிப்பில் வலை எந்த அடுக்கில் வைக்கப்பட்டது என்று பாருங்கள். தசையுறைக்கு மேலே, தோலடிக் கொழுப்புக்குக் கீழே வைத்த வலை தோலுக்கு மிக அருகில் இருப்பதால், மேலோட்டமான காயத் தொற்றே எளிதாக அதை எட்டிவிடும். அதே நெருக்கத்தால் அதைத் திறந்து கழுவுவதும் எளிது. தசைக்குப் பின்னால் வைத்த வலைக்கு இரு பக்கமும் இரத்த ஓட்டம் நிறைந்த திசு இருப்பதால் அது தொற்றை ஓரளவு தாங்கி நிற்கும். வயிற்றறைக்குள், குடலுக்கு எதிரே வைத்த வலையில் தொற்று வந்தால் குடலும் சேர்ந்து ஒட்டியிருக்கக் கூடும் என்ற எண்ணத்தோடுதான் ஒவ்வொரு அடியையும் எடுத்துவைக்க வேண்டும். அறுவையின்போது குடல் திறக்கப்பட்டதா, அவசர அறுவையா, வடிகுழாய் வைத்தார்களா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: நோயாளியின் நிலை

நாடி, இரத்த அழுத்தம், மூச்சு வேகம், வெப்பநிலை, நினைவுத் தெளிவு இவற்றை அளந்த பிறகே காயத்துக்கு வர வேண்டும். தோலில் தெரியும் மாற்றத்துக்குப் பொருந்தாத கடும் வலி, கருநீலம் பாய்ந்த தோல், கொப்புளங்கள், அழுத்தினால் நறநறவென்ற உணர்வு, மணிக்கு மணி பரவும் சிவப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் அது திசுவை அழிக்கும் தொற்றாக இருக்கலாம். அங்கே ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் உடனே மூத்தவரை அழைத்து அறுவை அரங்கைத் தயார்ப்படுத்த வேண்டும். கசிவில் பித்த நிறமோ மலத்தின் வாடையோ இருந்தால் குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள் கணக்கும் பேசும். வலை வைத்த அறுவைக்குப் பிறகு ஆழத்தில் வரும் தொற்றை 90 நாள் வரை அறுவைக்களத் தொற்றாகவே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வரையறை கணக்கில் எடுக்கிறது. ஆனால் கிருமிகளுக்கு அந்த வரையறை தெரியாது; ஆண்டுகள் கழித்தும் வலைத் தொற்று தலைகாட்டும். முதல் சில வாரங்களில் வருபவை பெரும்பாலும் சிவப்பு, சூடு, சீழ் என்று வெளிப்படையாக வரும். தாமதமாக வருபவை அடக்கமானவை: மந்தமான வலி, சற்றே தடித்த இடம், தழும்பில் ஊசிமுனைத் துளை, அதிலிருந்து மூடுவதும் திறப்பதுமாக ஒரு கசிவு. காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. அத்தகைய துளையின் வாயில் செந்நிறச் சதை துருத்திக்கொண்டிருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அடியில் வலையோ நூலோ தொற்றுற்றிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

தொற்றைப் போலவே தோன்றும் வேறு சிலவும் உண்டு. வலையைச் சுற்றித் தெளிந்த மஞ்சள் நீர் சேரும் செரோமா மிகச் சாதாரணமானது. வலியில்லாமல், காய்ச்சலில்லாமல், ததும்பும் வீக்கமாக இருக்கும். பெரும்பாலானவை சில வாரங்களில் தாமே வடிந்துவிடும். அதைக் காரணமின்றி ஊசியால் உறிஞ்சுவது கிருமி இல்லாத இடத்துக்குள் நாமே கிருமியை அனுப்பும் வேலையாகும். இரத்தக்கட்டும் இதே போல வீங்கி, நிறம் மாறி, பயமுறுத்தும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது மீண்டும் வந்த குடலிறக்கத்தில் குடல் சிக்கிக்கொண்டிருப்பது: சிவந்து வலிக்கும் அந்தக் கட்டியைச் சீழ்க்கட்டி என நினைத்துக் கத்தி வைத்தால் குடலை வெட்ட நேரிடும். வாந்தி உண்டா, வயிறு உப்பியிருக்கிறதா, வாயு பிரிகிறதா என்று கேட்காமல் எந்தக் கட்டியையும் கீறாதீர்கள்.

மூன்றாம் படி: படமும் மாதிரியும்

அல்ட்ராசவுண்டால் நீர் சேர்ந்திருப்பதையும் அதன் ஆழத்தையும் படுக்கையருகிலேயே பார்த்துவிடலாம். வலையோடு அதற்குள்ள உறவையும் குடலின் நிலையையும் காண படத்தைத் தெளிவாக்கும் மருந்து செலுத்திய சிடி ஸ்கேன் வேண்டும். வலையைச் சுற்றிய நீர், ஓரத்தில் ஒளிரும் சுவர், கொழுப்பில் கலங்கல், நீருக்குள் காற்றுக் குமிழ் ஆகியவை தொற்றைச் சுட்டும். அறுவை முடிந்த முதல் சில நாட்களில் எடுத்த படத்தில் காற்று மிச்சமிருப்பது இயல்பு என்பதால் அதை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவு எந்த அறுவைக்குப் பிறகும் இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு இறங்கும். இறங்கியது மீண்டும் ஏறினால் கவனியுங்கள். நாள்பட்ட புரையில், அதாவது ஆழத்திலிருந்து தோல் வரை வரும் ஆறாத துளையில், அது இயல்பாகவே இருக்கலாம்.

மாதிரி எடுப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். துளையின் வாயில் பஞ்சுக்குச்சியைத் தடவி அனுப்பினால் தோலில் வாழும் கிருமிகளே முளைக்கும். அந்த முடிவை நம்பி வாரக்கணக்கில் தவறான மருந்து போகும். நோயாளி நிலையாக இருந்தால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், சிவக்காத தோல் வழியாக, முழுக் கிருமிநீக்க முறையோடு, படத்தின் துணையால் ஊசி செலுத்தி ஆழத்திலிருந்து நீரையோ சீழையோ எடுக்க வேண்டும். வலை பின்னர் அகற்றப்பட்டால் அதன் துண்டும், ஒட்டிய திசுவும் கல்ச்சருக்கு (கிருமி வளர்ப்புச் சோதனைக்கு) போக வேண்டும்.

சீட்டில் வெறுமனே ‘கல்ச்சர்’ என்று எழுதி அனுப்பாதீர்கள். வலைத் தொற்றில் முதலிடம் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸுக்கு, அதிலும் பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத எம்ஆர்எஸ்ஏ வகைக்கு அடிக்கடி கிடைக்கிறது. அடுத்துத் தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், பிறகு குடல்வாழ் கிராம் நெகடிவ் கிருமிகள், காற்றில்லாமல் வாழ்பவை. இவையெல்லாம் வழக்கமான சோதனையில் பிடிபடும். பிடிபடாத ஒரு கூட்டம் உண்டு: காசநோய்க் கிருமியின் உறவினர்களான, நீரிலும் மண்ணிலும் வாழும் மைக்கோபாக்டீரியங்கள். மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம், கெலோனே, அப்ஸெஸ்ஸஸ் ஆகியவை சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்குச் சில வாரங்கள் கழித்துத் துளைத் தழும்பில் சிறு முடிச்சாகத் தொடங்கி, நீர்த்த கசிவாக மாறும். வழக்கமான கல்ச்சர் ‘கிருமி இல்லை’ என்று வரும், வழக்கமான மருந்துகள் எதுவும் கேட்காது. ஆகவே கசிவு தாமதமாகத் தொடங்கியிருந்தாலோ, முதல் கல்ச்சர் வெறுமையாக வந்திருந்தாலோ, அமிலத்தில் நிறம் மாறாக் கிருமிக்கான சாயச் சோதனையும் மைக்கோபாக்டீரிய வளர்ப்பும் திசுப் பரிசோதனையும் வேண்டும் என்று எழுதி, முடிந்தால் ஆய்வக மருத்துவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். காசநோயையும் அதே சோதனைகளில் தேட வேண்டும்.

நான்காம் படி: சீழுக்கு வழி, பிறகு மருந்து

தோலளவுத் தொற்று என்று தோன்றினால் அந்த இடத்தில் இரண்டு மூன்று தையலை அவிழ்த்து, சீழை வெளியேற்றி, உப்புநீரால் கழுவி, அடியில் தசையுறை மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்து, வலையும் அதற்குக் கீழே இருந்தால், குறுகிய கால மருந்தும் கட்டும் போதும். அடியில் வலை தெரிந்தாலோ, அழுத்தும்போது ஆழத்திலிருந்து சீழ் மேலெழுந்தாலோ, ஆழத் தொற்று என்று பெயரிட்டு நோயாளியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் தேங்கியதைப் படத்தின் துணையால் வடிகுழாய் வைத்து வடிக்கலாம். பல அறைகளாகப் பிரிந்திருந்தாலோ கெட்டியாக இருந்தாலோ திறந்துதான் ஆக வேண்டும்.

கிருமி தெரியும்வரை கொடுக்கும் மருந்து எம்ஆர்எஸ்ஏவுக்கும், வயிற்றுச் சுவர் அல்லது குடல் சார்ந்த தொற்றானால் கிராம் நெகடிவ் கிருமிகளுக்கும் எதிராக வேலை செய்வதாக இருக்க வேண்டும். வான்கோமைசினும் பைப்பராசிலின்-டாசோபாக்டமும் இந்த இடத்தில் பரவலாகப் பயன்படுகின்றன. உங்கள் மருத்துவமனையின் கிருமி எதிர்ப்புப் பட்டியலும் நோயாளியின் சிறுநீரக நிலையும்தான் இறுதி முடிவைச் சொல்ல வேண்டும். கல்ச்சர் முடிவு வந்த அன்றே மருந்தை அந்தக் கிருமிக்கு ஏற்றதாகக் குறுக்குங்கள். உயிர்ப்படலத்துக்குள் ஊடுருவும் என்று ரிஃபாம்பிசினைச் சேர்ப்பவர்கள் உண்டு. அதை ஒருபோதும் தனியாகக் கொடுக்கக் கூடாது, கிருமி விரைவிலேயே எதிர்ப்பு பெற்றுவிடும். காசநோய் இல்லை என்று உறுதிசெய்யாமல் கொடுத்தால் அந்த நோயையும் மறைத்துவிடும். மைக்கோபாக்டீரியம் என்று உறுதியானால் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் மாதக்கணக்கில் தேவைப்படும். அதைத் தொற்றுநோய் வல்லுநரோடு சேர்ந்துதான் திட்டமிட வேண்டும்.

ஐந்தாம் படி: வலையை வைத்திருப்பதா, எடுப்பதா

இங்கேதான் அனுபவசாலிகளும் தயங்குகிறார்கள், தயங்கவும் வேண்டும். வலையை எடுத்தால் குடலிறக்கம் திரும்பக் கூடும்; எடுக்காவிட்டால் தொற்று ஓயாமல் இருக்கக் கூடும். பெருந்துளைப் பாலிப்ரொப்பிலீன் வலை, தசைக்குப் பின்னால் வைத்தது, அறுவைக்குப் பிறகு சீக்கிரமே வந்த தொற்று, நல்ல பொதுநிலை ஆகியவை சேர்ந்திருந்தால் காப்பாற்றும் முயற்சி நியாயமானது. இ-பிடிஎஃப்இ வலை, அல்லது அந்தப் பொருளாலான தாளை உள்ளடக்கிய கூட்டு வலை, குடலோடு தொடர்புள்ள புரை, எம்ஆர்எஸ்ஏ, புகைப்பழக்கம், சுருண்டு மடிந்து சீழில் மிதக்கும் வலை ஆகியவை முயற்சியின் வெற்றியைக் குறைப்பவை.

காப்பாற்றுவது என்றால் மருந்தை மட்டும் நீட்டிப்பது என்று பொருளல்ல. காயத்தை அகலத் திறந்து, அழுகிய திசுவையும், திசுவோடு ஒட்டாமல் தொங்கும் வலைப் பகுதியையும், கரையாத தையல்களையும் அகற்றி, கழுவி, எதிர்மறை அழுத்தக் கட்டு வைப்பார்கள். வழக்கமாக 125 மில்லிமீட்டர் பாதரச அளவு உறிஞ்சலில் அது இயங்கும்; அடியில் குடல் தெரிந்தால் அதன்மேல் நேரடியாக நுரைப் பஞ்சை வைக்கவே கூடாது. ஒவ்வொரு கட்டு மாற்றத்திலும் செவிலியர் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: வலையின் துளைகள் வழியாகச் செந்நிறச் சதை மேலே வளர்கிறதா. வளர்ந்தால் வலை மெல்ல மறையும். வாரங்கள் கடந்தும் வெண்மையான இழைகளே கண்ணில் பட்டால், அந்த வலையை உடல் ஏற்கவில்லை என்று பொருள். முயற்சியைத் தொடங்கும் நாளிலேயே, எந்தத் தேதியில் மறுபரிசீலனை செய்வோம் என்று கோப்பில் எழுதிவைப்பது நல்லது என்பது என் கருத்து. தேதி இல்லாத முயற்சிகள்தான் ஓராண்டுக் கட்டு மாற்றமாக இழுத்துக்கொண்டு போகின்றன.

ஆறாம் படி: அகற்றுதல்

தொற்று கொழுந்துவிட்டிருக்கும்போது அவசரப்படாமல், முதலில் சீழை வடித்து, மருந்தால் தணித்து, இரத்தச் சர்க்கரையையும் ஊட்டத்தையும் சீராக்கி, திட்டமிட்டு எடுப்பதே பெரும்பாலோருக்கு ஏற்றது. இரத்தத்தில் நஞ்சேறி உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்க முடியாது. வலையை முழுவதுமாக, அதைப் பிணைத்த நூல்களோடும் ஆணிகளோடும் எடுப்பதே நோக்கம். விட்டுவைத்த சிறு துண்டு மீண்டும் புரையாக வெளிப்படுவது அடிக்கடி நடக்கும். எனினும் தொடைநாளத்தையோ விந்துக்குழாயையோ பற்றிக்கொண்டு நன்றாகப் பதிந்திருக்கும் பகுதியைப் பிய்த்தெடுப்பதைவிட விட்டுவருவது நல்லதாக இருக்கலாம். தொடையிடுக்கு அறுவைக்கு ஒப்புதல் வாங்கும்போது நரம்பு வலி, விதைச் சுருக்கம், விதையை இழக்கும் வாய்ப்பு ஆகியவற்றைக் கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும்.

வலை போன இடத்தில் அழுக்கான களத்தில் மீண்டும் நிரந்தரச் செயற்கை வலை வைப்பதைத் தவிர்ப்பார்கள். கரையும் நூலால் தசையுறையை இழுத்து மூட முடிந்தால் மூடுவார்கள். மெதுவாகக் கரையும் வலைகளும் உயிர்த்திசு வலைகளும் உண்டு, ஆனால் விலை மிகுதி, குடலிறக்கம் திரும்புவதும் குறைவில்லை. தொடையிடுக்கில் பழைய தழும்பே சிலருக்குச் சுவராக நின்றுவிடுகிறது. திரும்பி வந்தாலும், காயம் முழுதாக ஆறிப் பல மாதங்கள் கழிந்த பிறகே அடுத்த அறுவையைப் பற்றிப் பேச வேண்டும்.

தடுப்பில் நம் கையில் இருப்பவை

திட்டமிட்ட அறுவையானால் புகையை நான்கு வாரமாவது நிறுத்தவைப்பதும், சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முதலில் அதைக் குறைப்பதும், உடல் எடையைக் குறைப்பதைப் பற்றிப் பேசுவதும் பெரிதும் உதவும். ஆன்டிபயாடிக் தேவைப்படுபவருக்கு செஃபசோலின் 2 கிராம், 120 கிலோவுக்கு மேற்பட்டவருக்கு 3 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் போக வேண்டும். முடியைச் சவரம் செய்யாமல் கிளிப்பரால் வெட்ட வேண்டும். வலையைத் தொடும் முன் கையுறையை மாற்றி, கடைசி நொடியில்தான் உறையைப் பிரிக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி கருவிகளைச் சற்று நேரம் குளுட்டரால்டிஹைடில் ஊறவைத்துக் குழாய்த் தண்ணீரில் அலசும் பழக்கம் மேலே சொன்ன மைக்கோபாக்டீரியங்களுக்குக் கதவைத் திறந்துவைப்பது. உயரழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைக்கக்கூடியவற்றை அதில்தான் வைக்க வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது

காயம் மூடிய பிறகும் ஓராண்டாவது பார்க்க வேண்டும். தழும்பில் புதிய முடிச்சு, ஆடையில் கறை, ஒரே இடத்தில் நாள்தோறும் கூடும் வலி, காய்ச்சல் இவற்றில் ஒன்று வந்தாலும் வேறெங்கும் போய் மாத்திரை வாங்காமல் நேரே வரச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எந்த வலை எந்த அடுக்கிலிருந்து எடுக்கப்பட்டது, எந்தப் பகுதி எங்கே விட்டுவைக்கப்பட்டது, எந்தக் கிருமி வளர்ந்தது, எந்த மருந்து எத்தனை நாள் போனது என்று முழு வரிகளில் எழுதி, ஒரு நகலை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.